வீடு யார் பேரில்?

நம் வீடுகளில் பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது கேட்கிற கேள்விகளுக்குக் கணக்கே இல்லை. சொந்த வீடா, வாடகை வீடா? யார் பேரில் இருக்கிறது? கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர்? இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு இத்தனை விசாரணை! அறுபத்திரண்டு வயதில் ஒரு ஸ்திரீ ஒருவருக்குத் துணையாக ஒரு வீட்டுக்குப் போகத் தீர்மானித்தால், அவளுக்காக இவற்றில் ஒன்றைக் கூடக் கேட்பார் இல்லை. "இந்த வயதில் இதெல்லாம் தேவைதானா?" என்பதோடு விசாரணை முடிந்து விடுகிறது.

என் சித்தியிடமும் அதைத்தான் கேட்டார்கள்.

சித்தி இருப்பது எர்ணாவூரில். சித்தப்பா எண்ணூர்ப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக் காலமானவர். குழந்தை இல்லை. இரண்டு தெரு தள்ளி, துறைமுகத்தில் வேலை பார்த்து ரிடையரான ஒருவர் இருக்கிறார், மனைவியை இழந்தவர். மகனும் மகளும் கல்யாணமாகித் தனித்தனியே இருக்கிறார்கள். கடற்காற்றும் லாரிப் புழுதியும் மாறி மாறிப் படிகிற சின்ன மாடி வீடு. அவருடைய சுய சம்பாத்தியம். பால் வாங்கப் போன இடத்தில் ஆரம்பித்த பேச்சு, ஒருவர் மாத்திரையை மற்றவர் ஞாபகப்படுத்துகிற அளவுக்கு வளர்ந்து விட்டது.

"கல்யாணமே பண்ணிக் கொள்ளுங்களேன், சித்தி" என்றேன்.

"பென்ஷன் போயிடுமே, கண்ணு!"

உண்மைதான். 1995-ம் வருஷத்துத் தொழிலாளர் பென்ஷன் திட்டப்படி விதவைக்குக் கிடைக்கும் பணம் அவள் ஆயுள் வரை, அல்லது மறுமணம் வரை. அந்தப் பென்ஷனில் 2014-ல் நிர்ணயித்த குறைந்தபட்சத் தொகை மாதம் 1,000 ரூபாய். ஆயிரம் ரூபாய் பெரிதா என்று நீங்கள் நினைக்கலாம். அது தன் சொந்தப் பணம் என்பது சித்திக்குப் பெரிது. துணை தேடிக் கொண்டதற்கு அபராதம் போடுகிற விதியாகத்தான் எனக்கு இது படுகிறது.

சரி, தாலி இல்லாமல் சேர்ந்து இருந்தால் குற்றமா? இல்லை. நடிகை குஷ்பு வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லி விட்டது. ஆமதாபாத்தில் 2011-ல் இப்படித் துணை தேடும் முதியோருக்கென்றே ஒரு கூட்டம் நடந்தது. ஊர் வாயைத் தவிர வேறு போலீஸ் கிடையாது.

ஆனால் வீடு? அங்கேதான் சட்டம் முகத்தைத் திருப்பிக் கொள்கிறது. 1956-ம் வருஷத்து ஹிந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் அவர் கண்ணை மூடினால் வீடு மகனுக்கும் மகளுக்கும் போகும். மனைவி இருந்தால் மனைவிக்கும் ஒரு பங்கு. துணைவி என்ற பெயரே அந்தப் பட்டியலில் இல்லை. பத்து வருஷம் கஞ்சி வைத்துக் கொடுத்தவளும் சரி, வாசலில் கீரை விற்றவளும் சரி, அந்தச் சட்டத்துக்கு ஒன்றே.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்க 2005-ல் வந்த சட்டம், மணவாழ்க்கை போன்ற உறவில் இருக்கும் பெண்ணுக்கும் சேர்ந்து வாழ்ந்த வீட்டில் குடியிருக்க உரிமை தருகிறது. எது அப்படிப்பட்ட உறவு? கோயமுத்தூர்க் குடும்ப நீதிமன்றத்தில் தொடங்கி டில்லி வரை போன ஒரு வழக்கில், 2010 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. இருவரும் வேறு திருமண பந்தத்தில் இல்லாதவர்களாக இருக்க வேண்டும். கணிசமான காலம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். ஊரார் முன் தம்பதிகளாகவே நடந்து கொண்டிருக்க வேண்டும். சித்திக்குச் சங்கடம் இந்தக் கடைசியில்தான். வீட்டுக்காகக் கோர்ட்டில் "நாங்கள் புருஷன் பெண்சாதி மாதிரி" என்று சொல்லிவிட்டு, பென்ஷனுக்காக "மறுமணம் செய்து கொள்ளவில்லை" என்று கையெழுத்துப் போட்டால் கை நடுங்காதா?

ஆகவே, கோர்ட்டு வாசலுக்கே போகாத வழியைத் தேடினோம். "வீட்டையே இவள் பேருக்கு எழுதி வைத்து விடுகிறேன்" என்று அவர் வீராப்பாக ஆரம்பித்தார். வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். செட்டில்மெண்ட் எழுதினால் பிறகு திரும்ப வாங்குவது கஷ்டம். பிள்ளைகளின் மனஸ்தாபமும் அன்றைக்கே ஆரம்பமாகும். உயில் என்றால் உயிரோடு இருக்கும் வரை மாற்றிக் கொள்ளலாம். முத்திரைத் தாள் கூட வேண்டாம், வெள்ளைத் தாள் போதும். அவர் கையெழுத்து, அதைப் பார்த்த இரண்டு சாட்சிகளின் கையெழுத்து. பதிவு கட்டாயமில்லை, செய்து வைத்தால் பின்னால் வம்பு குறையும்.

என்ன எழுதுவது? சித்தி தன் ஆயுள் உள்ளவரை அந்த வீட்டில் குடியிருக்கலாம். விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. அவளுக்குப் பின் மகனுக்கும் மகளுக்கும் சரிபாதி. இதைக் கேட்டதும் மகனின் குரல் பாதியாக இறங்கியது! அதுவரை "ஊர் என்ன சொல்லும்?" என்று குதித்துக் கொண்டிருந்தவர். பல வீடுகளில் 'ஊர் என்ன சொல்லும்' என்பதற்கு 'வீடு என்ன ஆகும்' என்றுதான் அர்த்தம் என்று எனக்கு வெகு நாளாகச் சந்தேகம்.

பாங்கியில் சித்தியை நாமினியாகப் போட்டிருப்பதைப் பற்றி அவருக்கு ஒரே பெருமை. நாமினி என்பவர் பணத்தை வாங்கிக் கொள்கிறவர். சொந்தக்காரர் ஆகி விடுவதில்லை. பங்குப் பத்திர வழக்கு ஒன்றில் 2023-லும் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது. அதனால் டெபாசிட்டும் உயிலில் ஏறியது.

"நீயும் எழுது, சித்தி" என்றேன்.

"எனக்கு என்ன இருக்கு எழுத? மீஞ்சூர்ப் பக்கம் அரை கிரவுண்டு. அவ்வளவுதானே!"

அவளுக்கு ஒரு வழக்கைச் சொன்னேன். 1955-ல் மணமாகி மூன்றே மாதத்தில் பாம்பு கடித்துக் கணவனைப் பறிகொடுத்த பெண். புகுந்த வீட்டார் துரத்தி விட்டார்கள். பிறந்த வீட்டில் இருந்து படித்தாள், உத்தியோகம் பார்த்தாள், சம்பாதித்தாள். 1996-ல் உயில் எழுதாமல் இறந்தாள். அவள் சம்பாத்தியம் யாருக்கு? 2009-ல் உச்ச நீதிமன்றம் சட்டப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லிற்று: துரத்தி விட்ட கணவன் வழியாருக்கே!

சித்தி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நர்ஸுக்குப் படிக்கிறாளே, என் தம்பி மக, அவ பேருக்கு எழுதிடு" என்றாள். அவர் முகத்தைப் பார்த்தேன். "அதுதான் சரி" என்றார்.

வீட்டு வரியை யார் கட்டுவது என்பதும் ஒரு மாதிரி முடிந்து விட்டது. மொட்டை மாடி யார் உபயோகத்துக்கு என்ற ஒரே ஒரு வரி பாக்கி. வக்கீல் வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.