நாலு பேரு கண்ணுல...

விழுப்புரத்தில் தாம்பரம் பாசஞ்சர் ஏறினேன். எதிர் சீட்டில் ஓர் அம்மா. மடியில் மடித்து வைத்த காலிப் பை, கையில் ரேஷன் கார்டு.

"ரேஷன் வாங்கவா ரயில்ல போறீங்க?"

"கார்டு மெட்ராஸ் கார்டு தம்பி. நான்தான் இப்ப இங்க கெடக்கேன்."

வீட்டுக்காரர் கொத்தனார், இவர் சித்தாள். வடசென்னையில் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் முப்பது வருஷம். 1970-ல் ஆரம்பித்த அந்த வாரியத்துக்கு 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றினார்கள். இவருக்கு இன்னமும் அது 'ஹவுசிங் போர்டு'தான். கட்டடம் பழசாகிவிட்டது, இடித்துவிட்டுப் புதுசு கட்டித் தருகிறோம் என்று காலி செய்யச் சொன்னார்கள்.

இடிக்காமலும் இருக்க முடியாது. 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் 24 வீடுகள் அப்படியே சரிந்தன. விரிசலைப் பார்த்து ஜனங்கள் முன்கூட்டியே வெளியேறியதால் உயிர் தப்பினார்கள். சரி, கட்டி முடிக்கும்வரை எங்கே போவது? முன்பு 8,000 ரூபாய் கொடுத்தார்கள், பிறகு 24,000 ஆக்கினார்கள். அதற்குப் பெயர் 'கருணைத் தொகை'. குடியிருந்த வீட்டைக் காலி செய்து கொடுத்தவருக்கு எதற்குங்க கருணை?

ஒன்றரை வருஷத்துக்கு என்று வகுத்தால் மாசம் 1,333 ரூபாய். ஐயாயிரம் ரூபாய் வாடகை வீடு என்றாலும், பத்து மாச அட்வான்ஸே ஐம்பதாயிரம். அதனால் வீட்டுக்காரர் வேலை நடக்கிற கட்டடத்திலேயே படுத்துக்கொள்கிறார். இவர் பீரோவோடு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"அண்ணி ஏதாவது சொல்றாங்களா?"

"ஒண்ணும் சொல்லல. அதான் தம்பி கஷ்டமா இருக்கு."

திண்டிவனத்தில் வேர்க்கடலை வாங்கி ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். "இப்பல்லாம் எந்த ரேஷன் கடையில வேணும்னாலும் வாங்கலாமே, இவ்வளவு தூரம் எதுக்கு?" என்றேன், விவரம் தெரிந்தவன் மாதிரி.

"தெரியும் தம்பி. ஆனா மாசம் ஒரு தடவையாவது அங்க நாலு பேரு கண்ணுல படணுமில்ல? இல்லாட்டி, 'இவ ஊரோட போயிட்டா'ன்னு லிஸ்ட்ல பேரை அடிச்சிட்டா?"

டோக்கனைக் காட்டினார். பிளாஸ்டிக் கவர் போட்டு, அதற்குமேல் இன்னொரு கவர். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வீட்டுக்குச் செங்கல் சுமந்தவர். போன மாசம் பார்த்தபோது மூணு மாடி எழும்பியிருந்ததாம்.

"நமக்கு எந்த மாடி விழுமோ... முட்டி வேற வலிக்குது." ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "ஏன் தம்பி, வண்டி லேட்டா? தாம்பரத்துல எலெக்ட்ரிக் ட்ரெயின் மாறணும். கடைய மூடிடப் போறாங்க."