ஆயில் குடிக்கும் கார்

ஸ்கார்பரோ, நவம்பர்

ஊரிலிருந்து போன் பேசும் மைத்துனருக்கு என் முட்டிவலியை விட என் கார்மீதுதான் அக்கறை. "இன்னுமா அத்தான் அதை வெச்சிருக்கீங்க? தள்ளிவிட்டுட்டு வேற எடுங்க" என்கிறார். கனடாவில் இருப்பவன் பழைய கார் ஓட்டுவது அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

கார் 2009 மாடல், நாலு சிலிண்டர். இரண்டே கால் லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கியர், பிரேக், ஹீட்டர் எதிலும் குறை இல்லை. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் இன்ஜின் ஆயில் மட்டும் காணாமல் போகிறது. நிறுத்துமிடத்தில் ஒரு சொட்டுக் கறைகூடக் கிடையாது. ஒழுகவில்லை என்றால் உள்ளே எரிகிறது.

எங்கள் மெக்கானிக் யாழ்ப்பாணத்துக்காரர். முதலில் ஐம்பது டாலருக்குள் முடிகிற பிசிவி வால்வை (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றுவது) மாற்றிப் பார்த்தார். பலன் இல்லை. பிறகு ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒரு துணியின்மேல் வரிசையாக வைத்தார். மூன்றின் முனை காய்ந்து பழுப்பாக இருந்தது. நாலாவதில் மட்டும் பிசுபிசுவென்று கரி. "காலமை ஸ்ராட் பண்ணேக்க மட்டும் நீலப் புகை வந்தால் வால்வு சீல் எண்டு சொல்லலாம். உங்கட கார் ஓடேக்க எரிக்குது. ஒயில் ரிங் இறுகிப்போச்சு அண்ணை" என்றார். கம்ப்ரஷன் சோதனையில் நாலு சிலிண்டரும் தேறிவிட்டன. பிஸ்டனில் மேலே இருக்கும் இரண்டு ரிங்குகள் அழுத்தத்தைப் பிடித்து நிறுத்துபவை. சிலிண்டர் சுவரிலிருந்து ஆயிலை வழித்து இறக்குவது மூன்றாவதின் வேலை. வழித்த ஆயில் திரும்ப இறங்கும் சிறு துளைகளைக் கரி அடைத்துவிட்டால் அந்த ரிங் அசையாது. இழுவை குறையாமலே ஆயில் மட்டும் எரியும். பெட்ரோலை மிச்சப்படுத்துகிறோம் என்று ரிங்கின் இறுக்கத்தைக் குறைத்து, ஆயிலையும் நீர்க்க வைத்தார்கள் தயாரிப்பாளர்கள். அந்தச் சிக்கனத்தின் மிச்சத்தைத்தான் நான் இப்போது ஊற்றிக்கொண்டிருக்கிறேன். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் எரிவதுகூடச் சகஜம்தான் என்று சில கம்பெனிகள் கையேட்டிலேயே எழுதி வைத்திருக்கின்றன. அப்படிப் பார்த்தால் என் கார் ஆரோக்கியசாலி!

ரிங் மாற்ற இன்ஜினைப் பிரிக்க வேண்டும். இங்கே கூலி மணிக்கணக்கு. அந்தச் செலவில் இதே மாதிரி இன்னொரு கார் வாங்கிவிடலாம். ஊற்றி ஓட்டினால்? வருஷத்துக்குப் பதினாறாயிரம் கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும் எட்டு லிட்டர். ஐந்து லிட்டர் கேன் தள்ளுபடியில் முப்பது டாலர் சுமாருக்குக் கிடைக்கிறது, இரண்டு கேன் போதும். புதுக் காருக்கு ஒரு மாதத் தவணை இதைப்போல் பல மடங்கு.

இதில் ஒரு உறுத்தல் உண்டு. எரிகிற ஆயிலில் இருக்கும் பாஸ்பரஸ், சைலன்சர் வழியில் இருக்கும் கேடலிடிக் கன்வெர்ட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கும். அது செயலிழந்தால் நச்சுப்புகை சுத்தமாகாமலே வெளியேறும். முன்பு எங்கள் ஒன்டாரியோ மாகாணத்தில் கார்களுக்குக் கட்டாயப் புகைச் சோதனை இருந்தது. 2019-இல் அதை எடுத்துவிட்டார்கள். கேட்க ஆள் இல்லை என்பதால் புகை நல்லதாகிவிடாது. மைத்துனர் இதைச் சொல்லியிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது. அவருக்கு மாடல் வருஷம்தான் பிரச்சினை.

விற்பது ஒன்றும் கஷ்டமில்லை. காரைப் பற்றிய அரசின் தகவல் தொகுப்பை வாங்கிக் கொடுத்து, கராஜில் பாதுகாப்புச் சான்றிதழும் எடுத்துவிட்டால் போதும், யார் பெயருக்கும் மாற்றலாம். சான்றிதழ் 36 நாள் செல்லும். பிரேக், டயர், விளக்கு, ஸ்டியரிங், துரு எல்லாம் பார்ப்பார்கள். இன்ஜின் எவ்வளவு ஆயில் குடிக்கிறது என்பது அதில் வராது. ஆனால் இந்த விலைக்கு இந்தக் காரைத் தேடி வருவது யார்? போன மாதம் விமானம் இறங்கிய மாணவன். பகலில் கல்லூரி, இரவில் உணவு டெலிவரி. பானெட்டைத் திறக்க அவனுக்கு நேரமும் கிடையாது, திறக்கச் சொல்ல ஆளும் கிடையாது. டாஷ்போர்டில் சிவப்பாக ஆயில் விளக்கு எரிந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பான். அந்த விளக்கு ஆயில் அழுத்தம் விழுந்ததைச் சொல்வது. அது எரியும்போது பெரும்பாலும் காரியம் கைமீறியிருக்கும். நெடுஞ்சாலை 401-இல் நட்டநடு இரவில் இன்ஜின் பிடித்துக்கொண்டு நின்றால் அவன் என்ன செய்வான்? குறையைச் சொல்லியே விற்கலாம்தான். விலை குறைந்ததும் அவன் காதில் மீதி எதுவும் ஏறாது.

அதனால் நானே வைத்துக்கொள்வதாக முடிவு. பெட்ரோல் போடும்போதெல்லாம் சமதரையில் நிறுத்தி, சில நிமிஷம் ஆறவிட்டு, டிப்ஸ்டிக்கைத் துடைத்துச் செருகிப் பார்க்கிறேன். கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு லிட்டர். பாதிக்கு இறங்கினால் அரை லிட்டர் ஊற்றுகிறேன். கன்வெர்ட்டர் கையை விரித்தாலோ, கியர் பெட்டி முரண்டு பிடித்தாலோ, பனி உருகச் சாலையில் கொட்டும் உப்பு அடிச்சட்டத்தை அரித்தாலோ நேரே காயலான் கடைதான், வேறு ஒருவர் தலையில் கட்ட மாட்டேன். இங்கே ரிங்கை முந்திக்கொண்டு பெரும்பாலும் துருதான் காரை முடிக்கிறது.

மைத்துனரிடம் சொல்லிவிட்டேன். "அப்போ நான் வரும்போது டாக்ஸியில கூட்டிட்டுப் போங்க" என்றார். மெக்கானிக்கோ, "ஓடுங்கோ அண்ணை, ஊத்த மட்டும் மறக்காதேங்கோ" என்று அடுத்த சர்வீசுக்குத் தேதி குறித்துக் கொடுத்தார். இந்த வாரம் கனேடியன் டயர் கடையில் ஆயில் தள்ளுபடி. குளிர்காலத்துக்கு இரண்டு கேன் எடுத்து வைத்தாயிற்று.