பென்னிகுவிக் பேரன்கள்

போடிநாயக்கனூர் ஒரு நாயக்கரின் பெயரைச் சுமக்கும் ஊர். ஓர் ஊரின் பெயரைச் சுமந்த மனிதரும் எங்கள் பக்கத்துக்கு வந்தார்: கர்னல் ஜான் பென்னிகுவிக். ஸ்காட்லாந்தில் எடின்பரோவுக்குத் தெற்கே பென்னிகுக் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பியவர்களுக்கு அதுவே குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டது. பிரிட்டனிலேயே அபூர்வமான பெயர்.

தேனி மாவட்டத்தில் அப்படிச் சொல்ல முடியாது. தேனி பஸ் ஸ்டாண்டுக்கு அவர் பெயர்தான். ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றி விடிகாலையில் போடிமெட்டு ஏறும் ஜீப் ஒன்றில், முன்கண்ணாடியின் மேல்விளிம்பில் குலசாமி பெயருக்குப் பக்கத்திலேயே அதைப் பார்த்தேன். பிள்ளைகளுக்கும் வைக்கிறார்கள்.

காரணம் தண்ணீர். அரபிக்கடலுக்கு ஓடிய பெரியாற்றைத் தடுத்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார். 1887இல் தொடங்கிய வேலை, வெள்ளத்தையும் மலேரியாவையும் தாண்டி 1895இல் முடிந்தது. சொந்தச் சொத்தை விற்று அணையை முடித்தார் என்பது கம்பம் பள்ளத்தாக்கு சொல்லும் கதை. அதற்கு ஆவணம் கேட்பவரை அங்கே யாருக்கும் பிடிக்காது. அவர் பிறந்த ஜனவரி 15 தைப்பொங்கலை ஒட்டியே வருவதால் பாலார்பட்டியில் அவருக்கும் சேர்த்துப் பொங்கல் வைக்கிறார்கள்.

எங்கள் போடி மலையிலும் வெள்ளைக்காரர்கள் வேலை செய்தார்கள். மூணாறு தேயிலையை டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறக்கினார்கள். இடத்துக்கு ஒரு பெயர் மிஞ்சியது. பிள்ளைக்கு வைக்க ஒன்றும் மிஞ்சவில்லை. அணையும் வரி வருமானக் கணக்குப் பார்த்துக் கட்டியதுதான். ஆனால் தேயிலை இறங்கிக் கப்பலுக்குப் போனது, பெரியாறு இறங்கி வயலுக்கு வந்தது.

பென்னிகுவிக்குக்கு ஐந்து மகள்கள், ஒரு மகன். மகன் இங்கிலாந்தில் நீதிபதியானார். அவர்கள் வழக்கத்தில் மகள் கல்யாணமானால் கணவன் வீட்டுப் பெயருக்கு மாறிவிடுவாள். குடும்பப் பெயர் மகன் வழியாகத்தான் இறங்க வேண்டும். நமக்குக் குடும்பப் பெயரே கிடையாது. அப்பா பெயர் இனிஷியலாகி ஒரு தலைமுறை இருக்கும், அதோடு சரி. இங்கே ஒரு பென்னிகுவிக்கின் மகளும் மகனும் 'பெ.' போடுவார்கள், அவர்கள் பிள்ளைகளுக்கு அந்த எழுத்தும் இருக்காது. ஆகவே இந்தப் பெயர் தானாக இறங்காது. ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் மனம்வந்து வைக்க வேண்டும்.

அப்படி வைப்பது சின்ன விஷயமில்லை. தலைப்பிள்ளைக்குத் தாத்தா பெயரை வைப்பதுதான் நம் வீடுகளில் முறை. அதை விட்டுக்கொடுத்து ஒரு வெள்ளைக்காரர் பெயரை வைத்த குடும்பத்தில் அன்றைக்கு ஒரு தாத்தா ஒதுங்கி இடம் கொடுத்திருக்கிறார். முதலில் அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டவர்களும் தாத்தாவாகும்போது, அது முறைப்படியே பேரன்களுக்குப் போகும். அதன்பிறகு அது எங்கள் ஊர்ப் பெயர்.