சிவப்புக் காயும் ஸப்ரும்

‘ஸப்ர்’ என்னும் அரபுச் சொல்லைப் பொறுமை என்று பெயர்க்கிறோம். அதன் வேர்ப்பொருளோ ‘தடுத்து நிறுத்துதல்’. கை கட்டிக் காத்திருப்பதன்று. மனத்தையும் கையையும் ஆள்வது.

கேரம் போட்டியில் சேர என் இளைய மகளுக்கு வயதுச் சான்று வேண்டியிருந்தது. பிறப்புச் சான்றிதழில் அவள் பெயரின் ஓரெழுத்தைத் திருத்துவதற்காக, திருவொற்றியூருக்கும் இராயபுரத்துக்குமாக ஒரு பகல் முழுதும் அலைந்தேன். ஓரிடத்தில் முத்திரை கிடைத்தது. கையொப்பமிட வேண்டியவர் இல்லை. மற்றோரிடத்தில், கையொப்பமின்றி முத்திரை செல்லாது என்றனர். வழியெங்கும் கண்டெய்னர் லாரிகளின் நெரிசல் வேறு!

கேரத்தின் சட்டமும் இதுதானே! சிவப்புக் காயைக் குழியில் வீழ்த்தினால் மட்டும் போதாது. தொடர்ந்து தன் காயொன்றையும் வீழ்த்த வேண்டும். இன்றேல் சிவப்பு பலகைக்கே திரும்பிவிடும்.

அவ்வாட்டத்தின் வரலாறு எனக்குத் தித்திப்பானது. அனைத்துலகக் கேரம் சம்மேளனம் 1988-இல் நம் சென்னையில்தான் பிறந்தது. சென்னையின் மரிய இருதயம் 1991, 1995 ஆண்டுகளில் உலக வாகை சூடி, 1996-இல் அர்ஜுனா விருது பெற்றார். வியாசர்பாடி இளவழகி 2008-இல் பிரான்சில் உலக வாகை சூடினார். 2024-இல் அமெரிக்காவில் மூன்று தங்கம் வென்ற காசிமா, வடசென்னை ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள்.

“பெண்பிள்ளைக்கு விளையாட்டு எதற்கு?” என்போருக்கு இவ்வரலாற்றைச் சொல்லுங்கள். சிவப்பை வீழ்த்தும் திறன் நம் மக்களிடம் உண்டு. படிவமும் முத்திரையும் தேடி அலைந்து, அடுத்த காயை வீழ்த்திக் கொடுப்பது பெற்றோராகிய நம் கடமை.