இரைச்சலைக் கடக்கும் சொல்

அறிவியல் புனைகதைகளில் வரும் தமிழ் மாந்தர் தமிழில் சிரிப்பர், தமிழில் அழுவர். ஆயின் விண்கலத்தின் வானொலிக் கருவியைக் கையில் எடுத்த மறுகணமே 'ரோஜர்', 'ஓவர்' என்று ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவர். உணர்ச்சிக்குத் தமிழ் போதும், கட்டளைக்குப் போதாது என்னும் எண்ணம் இதன் அடியில் உறங்குகிறது. நம் படைகளுக்கு வானொலிக் கருவிகள் செய்யும் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராய்ப் பணியாற்றிய சுஜாதா, 'என் இனிய இயந்திரா' போன்ற ஆக்கங்களால் அறிவியல் கதையைத் தமிழ்க் குடும்பங்களின் கூடத்துக்கே கொண்டுவந்தார். அந்தக் கூடத்தில் அமர்ந்து படிக்கும் பிள்ளைகளுக்கு, ஆணையிடும் தமிழையும் காட்ட வேண்டாமா? விண்வெளிப் படையொன்றைப் பற்றி நாம் எழுதிவரும் நெடுங்கதைக்கென வானொலிச் சொற்களைத் தமிழிலேயே ஆக்கத் துணிந்தது இதனால்தான்.

நாம் வாழும் திருத்தணி இம்முயற்சிக்கு ஏற்ற ஊர். 1960 ஏப்ரல் முதல் நாள் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்த எல்லைப்புறம் இது. இதன் கடைத்தெருவில் தமிழரின் 'சரி'யும் தெலுங்கரின் 'சரே'யும் ஒரே மூச்சில் ஒலிக்கக் கேட்கலாம். அண்மையிலுள்ள அரக்கோணத்தில், 1992இல் தொடங்கப்பெற்ற ஐ.என்.எஸ். ராஜாளி என்னும் கடற்படை விமானத் தளம் இருக்கிறது. வானில் விமான ஓசை எழும்போதெல்லாம், அதனுள்ளிருப்போர் ஒருவர் சொல்வதை ஒருவர் எவ்வாறு பிழையின்றி உணர்கின்றனர் என்னும் வினா நம் உள்ளத்தில் எழும்.

பிழையாக உணர்ந்தால் என்ன நேரும் என்பதற்கு 1977 மார்ச் 27 சான்று. கேனரித் தீவுகளுள் ஒன்றான தெனெரீஃபில், மூடுபனி சூழ்ந்த ஓடுபாதையில் இரு ஜம்போ விமானங்கள் மோதி 583 உயிர்கள் மாண்டன. காரணங்கள் பல, அவற்றுள் சொல்லும் ஒன்று. புறப்பட முனைந்த விமானிக்குக் கட்டுப்பாட்டு நிலையம் தந்த மறுமொழி 'ஓகே' என்று தொடங்கியது. காத்திருக்கச் சொன்ன அதன் மீதிப் பகுதி, அதே நொடியில் மற்ற விமானம் பேசியதோடு மோதிக் கீச்சொலியில் அமிழ்ந்தது. 'ஓகே' மட்டும் தெளிவாய்க் கேட்டது! 'டேக்-ஆஃப்' என்னும் சொல்லைப் புறப்பட அனுமதிக்கும்போதும் அவ்வனுமதியை ரத்துச் செய்யும்போதும் அன்றி வேறெங்கும் ஆளலாகாது என்னும் நெறி இதன் பின்னரே உலகெங்கும் வேரூன்றியது.

நம் 'சரி'யும் அந்த 'ஓகே'யின் உடன்பிறப்பே அன்றோ? 'கேட்டது', 'ஒப்புகிறேன்', 'செய்கிறேன்' ஆகிய மூன்றையும் அது ஒருங்கே சுமக்கிறது. ஆங்கிலப் படைமொழியோ இவற்றைப் பிரித்து வைத்திருக்கிறது. 'ரோஜர்' என்றால் செய்தி வந்து சேர்ந்தது என்பது மட்டுமே. அவ்வாறே செய்வேன் என்பதற்கு 'வில்கோ'. ஆகவே 'சரி'யை நம் விண்கலத்தில் ஏற்றவில்லை. 'ரோஜ'ருக்குக் 'கேட்டேன்' என்பதே எவர் நாவிலும் முதலில் வரும். ஆயின் அது செவியுற்றதையும் குறிக்கும், வினவியதையும் குறிக்கும். நம் வீட்டுக் கடிதங்களில் வழங்கும் 'கிடைத்தது' என்பதில் அந்த ஐயம் இல்லை. 'வில்கோ'வுக்குச் 'செய்வேன்' என்றால், மறுப்பைக் குறிக்கும் 'செய்யேன்' அதனோடு ஒட்டி நிற்கிறது; ஓர் எழுத்துத் தேய்ந்தால் பணிவு கிளர்ச்சியாகிவிடும். ஆதலால் 'ஆகட்டும்' என்றோம். 'ஓவ'ருக்குச் 'சொல்க', 'அவுட்'டுக்குத் தொடர்கதைகளின் கடைசியில் காணும் 'முற்றும்'.

தமிழ் இலக்கணத்திலேயே மற்றொரு கண்ணி உண்டு. நம் மொழியில் மறுப்பு வினையின் இறுதியில் வருகிறது. 'சுடலாம்', 'சுடலாகாது' இரண்டும் 'சுடலா' வரை ஒன்றே. பேசுவோர் பொத்தானிலிருந்து விரலைச் சற்று முன்னதாக எடுத்துவிட்டால், கேட்போருக்கு எஞ்சுவது அந்தப் பொதுப் பகுதி மட்டுமே. எனவே நம் கதையில் விலக்கும் ஆணை எதுவாயினும் 'தடை' என்று தொடங்கித் 'தடை' என்றே முடியும்.

பொத்தானைத் தாமதமாய் அழுத்தினாலோ முதலெழுத்து விழுங்கப்படும். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தின் பேரிரைச்சலில், தெருவின் ஒரு பக்கம் நாம் நின்று எண்களைக் கூவ, மறுபக்கம் நின்ற நண்பர் காதில் விழுந்ததை எழுதினார். 'ஒன்று' என்றது பன்முறை 'மூன்று' எனப் பதிவாயிற்று. ஆங்கிலத்தில் 'ஃபைவ்' என்பதோடு மயங்காதிருக்க 'நைன்' என்பதை 'நைனர்' என்பர். நமக்கு வாய்பாடு கைகொடுத்தது: பிள்ளைகள் ஓதும் 'ஓரொன்று' தெருவைக் கடந்து பழுதின்றிச் சேர்ந்தது.

பழந்தமிழ் நூல்களில் படைச்சொற்களுக்குப் பஞ்சமில்லை. முன்னணிப் படைக்குத் 'தூசி' என்று பெயர். ஆனால் 'தூசி முன்னே செல்கிறது' என்று இன்று ஒருவன் அறிவித்தால், கேட்பவன் கண்ணைத் துடைத்துக்கொள்வான்! அமெரிக்கக் கடற்படைக் காலாட்பிரிவில் 1942 முதல் பணியாற்றிய நவஹோ பழங்குடியினர் வேறு வழி கண்டனர். தம் தாய்மொழியில் டாங்கியை 'ஆமை' என்றனர். கையெறி குண்டை 'உருளைக்கிழங்கு' என்றனர். நீர்மூழ்கியை 'இரும்பு மீன்' என்றனர். வீட்டுச் சொற்களுக்கே போர்க்களப் பணி கொடுத்தமையால், பகைவர்க்கு அவை புதிராயின. நவஹோ வீரர்க்கோ எளிதில் நினைவில் நின்றன.

கடலோடிய நம் முன்னோரும் சொல்லுக்குத் தூய்மைச் சோதனை நடத்தியவர் அல்லர். 'மாலுமி'யும் 'சுக்கா'னும் அரபியிலிருந்து வந்தவை; 'நங்கூரம்' பாரசீகத்திலிருந்து வந்தது. அலையிரைச்சலில் கூவிக் கூவிப் பழகியதால் இன்று அவற்றை அயற்சொல் என்று எவரும் உணர்வதில்லை. நம் விண்கலத்தை ஓட்டுபவனும் மாலுமியே. அவன் கை பற்றியிருப்பதும் சுக்கானே.

அகராதி ஒரு சொல்லுக்குப் பிறப்புச் சான்றிதழ் தரலாம். வாழ்வுரிமை தருவது காது. சொல்லாக்கத்தில் ஆர்வமுள்ள இளைஞர்கள் தாம் ஆக்கிய சொல்லை ஏட்டில் எழுதி அழகு பார்ப்பதோடு நில்லாமல், சந்தை நடுவே நின்று கூவிப் பார்க்க வேண்டுகிறோம். எதிர்ப்புறத்தில் நிற்பவர் தயக்கமின்றிக் 'கிடைத்தது' என்பாராயின், அச்சொல்லை நம்பி ஓர் உயிரை ஒப்படைக்கலாம்.