52 லட்சம் பேர்... நம்பலாமா பாஸ்?

கையில கால்குலேட்டர் இருக்கா? எடுங்க, சின்னதா ஒரு கணக்கு.

கி.மு. 480. பாரசீகப் பேரரசர் செர்க்சஸ் கிரேக்கத்தின் மேல் படையெடுக்கிறார். கூட வந்தது எத்தனை பேர்? 'வரலாற்றின் தந்தை' ஹெரோடோட்டஸ் கணக்குப்படி காலாட்படை மட்டும் 17 லட்சம். கப்பல்காரர்கள், வேலையாட்கள் எல்லாரையும் சேர்த்தா 52,83,220! கடைசியில வர்ற அந்த இருபதைப் பாருங்க... ஏதோ தலையை எண்ணின மாதிரியே இருக்கு!

படிச்சதும் என் இன்ஜினீயரிங் மூளை சும்மா இருக்கலை. 17 லட்சம் பேர், வரிசைக்கு நாலு பேர், வரிசைக்கு 2 மீட்டர் இடம். ஆக, படையோட நீளம் 850 கிலோமீட்டர்! நாளைக்கு 20 கிலோமீட்டர் நடந்தாலும், ஒரு இடத்தைக் கடந்து முடிக்கவே ஆறு வாரம் ஆகும். 'ஆஹா!'ன்னு காலரைத் தூக்கிவிடப் போனா, ஜெர்மன் வரலாற்றாசிரியர் ஹான்ஸ் டெல்ப்ரூக் நூறு வருஷத்துக்கு முன்னாடியே இப்படிக் கணக்குப் போட்டுட்டார். ஹெரோடோட்டஸ் சொல்ற படையோட தலை தெர்மோபைலே கணவாயைத் தொடும்போது, வால் அப்போதான் சூசா நகரத்தை விட்டுக் கிளம்பிக்கிட்டிருக்குமாம்! இன்னிக்குப் பல ஆய்வாளர்கள் 3 லட்சத்துக்குக் கீழேதான் சொல்றாங்க.

அப்போ ஹெரோடோட்டஸ் புளுகரா? அவசரப்பட்டு முத்திரை குத்தாதீங்க. அவர் பிறந்த ஹாலிகார்னாசஸ் அப்போ பாரசீக ஆட்சியில இருந்த ஊர். ரெண்டு தரப்போட அரிய செயல்களும் மறந்துபோகக் கூடாதுன்னு நூலோட தொடக்கத்திலேயே சொல்றார். அதுக்குக் கிடைச்ச பரிசு? பல நூறு வருஷம் கழிச்சு வந்த புளூட்டார்க், 'அந்நியர்களின் நண்பன்'னு அவரைத் திட்டினார்!

சிக்கல் வேற இடத்துல. இந்தப் போரைப் பத்திப் பாரசீகர் எழுதின வரலாறு ஒண்ணுகூட நம்ம கைக்கு வந்து சேரலை. அதனால ஸ்பார்ட்டா வீரன் ஒவ்வொருத்தனும் ஹீரோ. எதிர்ப்பக்கம் வெறும் கும்பல். 2007-ல் '300' படம் வந்தப்போ ஈரான் கொதிச்சதுக்குக் காரணமும் இதுதான்.

இது எனக்கு ஏன் உறைக்குது தெரியுமா? எங்க ஹாஸ்டல்ல ஒரு தகராறு. விசாரணை அறிக்கையை ஒரு தரப்பு சொன்னதை மட்டும் வெச்சே எழுதிட்டாங்க. சமாதானம் பேசப்போன என் ரூம்மேட்டுக்கு அதுல பேரே கிடையாது. 'சுமார் முப்பது பேர்'ல அவனும் ஒருத்தன், அவ்வளவுதான்!

ஆனா, பாரசீகர்கள் கொஞ்சம் அதிர்ஷ்டசாலிகள். 1933-ல் பெர்செபோலிஸில் தோண்டினப்போ ஆயிரக்கணக்கான களிமண் பலகைகள் கிடைச்சுது. அதுல வீரக்கதை எதுவும் இல்லை. எல்லாம் படி அளந்த கணக்கு. வேலையாளுக்கு எவ்வளவு தானியம், வழிப்பயணிக்கு எவ்வளவு, பிள்ளை பெத்த பெண் தொழிலாளிக்கு எவ்வளவு கூடுதல்... பியர் பிரியான் மாதிரி ஆய்வாளர்கள், இப்படிப்பட்ட சான்றுகளை வெச்சுத்தான் அந்தப் பேரரசை உள்ளேயிருந்து பார்த்து எழுத ஆரம்பிச்சாங்க. கும்பலுக்குள்ள மனுஷங்க தெரிஞ்சாங்க.

அடுத்த தடவை ஒரு சண்டைச் செய்தி படிக்கும்போது, ஒரு பக்கம் பேர்களும் மறுபக்கம் வெறும் எண்ணிக்கையும் இருந்தா, கொஞ்சம் நில்லுங்க. அந்த மறுபக்கம் யாராவது போய்க் கேட்டாங்களான்னு பாருங்க. அது உங்க ஹாஸ்டல் சண்டையா இருந்தா, நீங்களே போய்க் கேட்டுடுங்க!