பினாங்கு காணப் புறப்படுமுன்

ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் வாழும் எங்களுக்குக் குளிரும் பனியும் பழக்கமானவை, கடல்தான் புதியது. கியா பார்ம் சந்தைக்கு வரும் வெளியூர்ப் பயணிகளை நாள்தோறும் காண்கிறோம். இங்கே எதைக் காண்பது, எதை உண்பது, எதை வாங்குவது என்று அவர்கள் குறித்துக்கொண்டு வருகின்றனர். அத்தகைய குறிப்பொன்றை எங்களுக்காக நாங்களே எழுதும் வாய்ப்பு, ஆறாம் ஆண்டு மாணவர்களாகிய எங்களுக்கு இம்முறை கிடைத்தது. வரும் விடுமுறையில் இரண்டு நாள் பினாங்குத் தீவுக்குச் செல்லவிருக்கிறோம்.

பங்கோர் தீவு எங்களுக்கு இன்னும் அண்மையில் உள்ளது. அங்கே செல்லலாம் என்று சிலர் வாதிட்டனர். ஆயினும் கடலோடு கோட்டை, கோயில், பாலம், பழைய நகரம் ஆகிய அனைத்தையும் ஒரே பயணத்தில் காணலாம் என்பதால் பினாங்கே வென்றது.

முதலில் கரும்பலகையில் எழுதிய பட்டியல் மிக நீண்டது. இரண்டு நாளில் அவ்வளவையும் காண இறக்கை வேண்டும். பினாங்குக் கொடிமலைக்குச் செல்லும் மலை இரயிலைப் பலரும் விரும்பினர். 1923ஆம் ஆண்டு ஓடத் தொடங்கிய அவ்விரயில், 2011இல் புதிய வண்டிகளுடன் மீண்டும் திறக்கப்பட்டது. ஆனால் அம்மலையின் மிக உயர்ந்த பகுதியே 833 மீட்டர்தான். எங்கள் வீட்டு வாசல் அதைவிட உயரம்! குளிர்காற்று வாங்க நாங்கள் அங்கே ஏறுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலாகும் என்று ஒருவன் கூற, வகுப்பே சிரித்தது. மலை இரயில் நீங்கியது.

அடுத்து நீங்கியது, நீர்ச்சறுக்கு விளையாடும் பெரிய பூங்கா. அதற்குக் காரணம் வேறு. நுழைவுக் கட்டணத்தைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, வருவதாகக் கூறியிருந்த மூவர் மெல்லத் தலை குனிந்தனர். ஒருவர் வீட்டில் மூன்று பிள்ளைகள் படிக்கின்றனர். மற்றொருவரின் தந்தை உடல்நலம் குன்றி வேலைக்குச் செல்லவில்லை. எவரும் எதுவும் பேசவில்லை. வகுப்புத் தலைவி எழுந்து அவ்வரியை அழித்தாள். விடுதி அறைகளையும் வேண்டாம் என்றோம். மண்டபத்தில் பாய் விரித்து உறங்க எங்களுக்குத் தெரியும். இப்பொழுது அம்மூவரும் எங்களுடன் வருகின்றனர்.

விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டுக் கம்போங் ராஜா, சிம்பாங் பூலாய் வழியாக இறங்கி, ஈப்போ, தைப்பிங் கடந்து பட்டர்வொர்த் சேர்வோம். வளைவுகளில் தலைசுற்றுவோர் எலுமிச்சம்பழம் கொண்டுவர வேண்டும். பட்டர்வொர்த்தில் பேருந்து எங்களை இறக்கிவிட்டுப் பாலத்தின் வழியே தனியாகத் தீவுக்குச் செல்லும். 2023 முதல் ஓடும் புதிய பெரி படகுகளில் பேருந்தோ காரோ ஏற இயலாது. பயணிகளும் மோட்டார் சைக்கிள்களும் மிதிவண்டிகளுமே செல்லலாம். நாங்கள் படகில்தான் செல்வோம். கடலைக் காணச் செல்பவர் அதன் மீது மிதந்து செல்ல வேண்டாமா?

அங்கே பிரான்சிஸ் லைட் 1786ஆம் ஆண்டு வந்திறங்கிய இடத்தில் எழுந்த கார்ன்வாலிஸ் கோட்டையையும், 1833இல் தோன்றிய குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் ஆலயத்தையும் காண்போம். மறுநாள் அதிகாலையில் தண்ணீர்மலையின் 500க்கு மேற்பட்ட படிகளை ஏறுவோம். கொழுந்துக் கூடை சுமந்து சரிவில் நடக்கும் எங்கள் அன்னையர்க்கு அப்படிகள் ஒரு பொருட்டன்று. பத்து பெரிங்கி கடற்கரையில் முழங்கால் அளவு நீருக்கு அப்பால் எவரும் செல்லலாகாது; அக்கடலில் கொட்டும் இழுதுமீன்கள் உண்டு. அவ்வூர்ப் பெயரிலுள்ள ‘பெரிங்கி’ நம்முடைய ‘பறங்கி’யேதான் என்று ஆசிரியை கூறியது எங்களுக்குப் பெருவியப்பு.

உணவைப் பற்றி நிகழ்ந்த வாதம் தனிக் கட்டுரைக்கு உரியது. நாசி கண்டார் என்பது, காவடித் தடியின் இருபுறமும் சோறும் குழம்பும் தொங்கவிட்டுத் தமிழ் முஸ்லிம்கள் சுமந்து விற்ற உணவு. பெயரே அத்தடியிலிருந்து வந்தது. கறி வகைகளுக்கேற்ப விலை ஏறுமாதலால், கேட்ட பின்னரே தட்டை நீட்டுவது என்று தீர்மானித்தோம். தேங்காய்ப் பாலும் பனைவெல்லமும் சேர்ந்த செண்டோல் ஆளுக்கொரு கிண்ணம். வீட்டிற்கு ஜாதிக்காய் ஊறுகாய்.

எங்கள் திட்டத்தை மாற்றியவர் தோழி ஒருத்தியின் பாட்டியார். எழுபதைக் கடந்த அவர், தாமும் வருவதாகக் கூறினார். “கோட்டை, கடை எல்லாம் நீங்க பாருங்க. எங்கம்மாவ எறக்கி வெச்ச தீவ நான் பாக்கணும்” என்றார்.

அது ஜெரெஜாக் தீவு. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் ரஜுலா முதலிய கப்பல்கள் பினாங்குக்கு வந்த காலத்தில், தொற்றுநோய்த் தடுப்பு முகாம் அங்கே இருந்தது. தோட்டத் தொழிலாளர் இந்தியாவிலிருந்து புறப்படுவதற்கு 1938இல் தடை வந்தது. பாட்டியாரின் அன்னை அதற்கு முன்னரே வந்தவர். குளிக்கச் செய்து, அம்மை குத்தி, சில நாள் அங்கே வைத்திருந்தார்களாம். ஊரிலிருந்து கொண்டுவந்த புடவை உப்புக்காற்றில் காய்ந்ததை இறுதிவரை அவர் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

அத்தீவிலேயே இறங்குவதற்கு நேரமில்லை, வழிதேடிப் பார்த்தோம். ஆனால் 1985இல் திறக்கப்பட்ட 13.5 கிலோமீட்டர் நீளப் பாலத்திலிருந்து அது நன்றாகத் தெரியும். பாலத்தில் பேருந்தை நிறுத்தலாகாது. ஆகவே மெதுவாகச் செல்லுமாறு ஓட்டுநரிடம் வேண்டியுள்ளோம். திரும்பும்போது தீவு வலப்பக்கம் இருக்கும். அப்பக்கத்துச் சன்னலோர இருக்கைகளைப் பாட்டியாருக்கும், உடன்வரும் மற்ற முதியோருக்கும் ஒதுக்கிப் பெயரெழுதி ஒட்டிவிட்டோம். நாங்கள் இடப்பக்கம் அமர்வோம்.